உண்ணி மருந்து ஏன் கேட்காமல் போகிறது? உண்ணியின் செல்லுக்குள் நடக்கும் தற்காப்பு குறித்த கேள்விகளும் பதில்களும்

தாமிரபரணிப் பாசனத்து ஊர்களிலும், மானூர், நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்து மானாவாரி நிலங்களிலும் மாடு, ஆடு வளர்ப்பவர்கள் உண்ணி மருந்து குறித்துக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. மருந்தின் பெயர், அளவு, விலை பற்றித் தொடங்கும் அந்தக் கேள்விகளுக்கு முழுமையான பதில் சொல்ல வேண்டுமானால் உண்ணியின் செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தொடாமல் முடியாது. கால்நடை வளர்ப்பவர்களும் கால்நடை அறிவியல் படிக்கும் மாணவர்களும் ஒருசேரப் படிக்க வேண்டும் என்ற எண்ணத்தில் இது எழுதப்பட்டுள்ளது.

போன வருடம் அடித்த அதே மருந்துதான். அப்போது கேட்டது, இப்போது கேட்கவில்லை. மருந்து போலியா?

போலியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்கு முன் வேறு சிலவற்றைப் பார்க்க வேண்டும். முதலாவது, கலந்த அளவு. 12.5 சதவீத அமிட்ராஸ் திரவத்தை மாட்டு உண்ணிக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி என்ற கணக்கில் கலப்பது வழக்கம். அதில் பாதியை ஊற்றிவிட்டு மருந்தைக் குறை சொல்வதில் பொருளில்லை. இரண்டாவது, மருந்து பட்ட இடம். முதுகு நனைந்தால் போதாது. காதுமடலின் உட்புறம், தாடையின் கீழ்த் தொங்கும் தோல், மடி, தொடை இடுக்கு, வாலடி ஆகியவைதான் உண்ணிகள் கூடும் இடங்கள்.

மூன்றாவது, நீங்கள் இப்போது பார்ப்பது மருந்துக்குத் தப்பிய உண்ணியா, புதிதாக ஏறிய உண்ணியா என்பது. நம் பகுதி மாடுகளில் பரவலாகக் காணப்படும் ரிப்பிசெபாலஸ் மைக்ரோபிளஸ் என்ற உண்ணி, கண்ணுக்கு எளிதில் தென்படாத ஆறு கால் லார்வாவாக மாட்டின் மேல் ஏறி, அதே மாட்டிலேயே தோலுரித்து வளர்ந்து, ரத்தம் குடித்து உப்பிக் கீழே விழுவதற்கு ஏறத்தாழ மூன்று வாரம் ஆகிறது. ஆகவே மருந்து சரியாக அடித்த ஒரு வாரத்துக்குள் முழுதாக உப்பிய பெண் உண்ணி மாட்டின் மேல் இருந்தால், அது மருந்து பட்டும் பிழைத்த உண்ணி என்று ஐயப்படலாம். கால்களில் வெளிர் பட்டை உள்ள ஹயலோமா இனத்துக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, ஏனெனில் அது ஒரு பருவத்தில் மாட்டைவிட்டு இறங்கி, வளர்ந்த பிறகு மீண்டும் ஏறக்கூடியது.

மருந்து உண்ணியை எப்படிக் கொல்கிறது?

இன்று விற்கப்படும் உண்ணிக்கொல்லிகளில் பெரும்பாலானவை நரம்பைத்தான் தாக்குகின்றன. நரம்புச் செல்லின் சவ்வில் சோடியம் அயனி உள்ளே வருவதற்கான வாயில்கள் இருக்கின்றன. குளத்து மடையைத் திறந்து, தேவையான நீர் பாய்ந்ததும் மூடுவதைப் போல, இந்த வாயில்கள் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் திறந்து மூடிக்கொண்டால்தான் நரம்புச் செய்தி ஒழுங்காகச் செல்லும். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் வாயிலின் உட்புறம் பொருந்தி அதை மூடவிடாமல் செய்கின்றன. நரம்பு ஓயாமல் துடித்து, பின் செயலிழக்கிறது.

மற்றவை வேறு இடங்களைப் பிடிக்கின்றன. டையசினான், குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்குகின்றன. அமிட்ராஸ், ஆக்டோபமைன் என்ற நரம்புக் கடத்திக்கு உரிய ஏற்பியில் போய் உட்காருகிறது. அதனால்தான் அமிட்ராஸ் பட்ட உண்ணி சாவதற்கு முன்பே பிடியை விட்டு உதிர்வதைப் பார்க்கிறோம். ஐவர்மெக்டின், குளோரைடு அயனிக்கான வாயில்களைத் திறந்துவைத்து உண்ணியைச் செயலிழக்கச் செய்கிறது. பைரித்ராய்டும் அமிட்ராஸும் உண்ணியின் மேல்தோல் வழியாக உள்ளே போகின்றன. ஊசியாகப் போடப்படும் ஐவர்மெக்டின் மாட்டின் ரத்தத்தில் கலந்து, உண்ணி குடிக்கும் ரத்தத்தோடு அதன் குடலுக்குள் போகிறது. இந்தக் குடல் வழி பற்றிப் பின்னால் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

அப்படியானால் உண்ணி தன்னை எங்கே காத்துக்கொள்கிறது?

மருந்து போகும் வழி முழுவதிலும் காத்துக்கொள்கிறது. மேல்தோலில் மருந்து ஊடுருவும் வேகம் குறையலாம். மருந்து பற்றிக்கொள்ள வேண்டிய புரதமே வடிவம் மாறியிருக்கலாம். நொதிகள் மருந்தை வழியிலேயே உடைத்துவிடலாம். செல்லின் சவ்விலுள்ள பம்புகள் மருந்தை அள்ளி வேறு இடத்தில் போட்டுவிடலாம். மேல்தோலைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப்போவதில்லை. அது தனியாகத் தரும் பாதுகாப்பு சிறியது. மற்றவற்றோடு சேரும்போதுதான் பெரிதாகிறது.

புரதம் வடிவம் மாறுவது என்றால் என்ன?

சோடியம் வாயில் என்பது ஏறத்தாழ 2000 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு நீண்ட புரதம். அதில் ஒன்றே ஒன்று மாறினாலும் பைரித்ராய்டு மருந்துக்குப் பிடி கிடைக்காமல் போகலாம். மெக்சிகோ நாட்டு உண்ணிகளில் பினைல்அலனின் இருக்க வேண்டிய ஓரிடத்தில் ஐசோலூசின் இருப்பது 1999இல் கண்டறியப்பட்டது. ஆஸ்திரேலிய உண்ணிகளில் வேறோர் இடத்தில் லூசினுக்குப் பதில் ஐசோலூசின் இருந்தது. இந்த இரண்டாவது மாற்றம் இந்திய உண்ணிகளிலும் இருப்பது பின்னர் தெரியவந்தது. லூசினும் ஐசோலூசினும் ஒரே அணுக்களை ஒரே எண்ணிக்கையில் கொண்டவை. கார்பன் கிளை ஓரிடம் தள்ளி இருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு. அவ்வளவு சிறிய மாற்றம், ஒரு குடும்பத்தைச் சேர்ந்த மருந்துகள் அனைத்தையும் பயனற்றதாக்கிவிடக்கூடியது என்பதை மாணவர்கள் மனத்தில் நிறுத்த வேண்டும்.

இதில் வளர்ப்பவருக்கு ஒரு செய்தி இருக்கிறது. சைபர்மெத்ரின் கேட்கவில்லை என்று டெல்டாமெத்ரினுக்கு மாறுவதும், அதிலிருந்து புளூமெத்ரினுக்கு மாறுவதும் மருந்தை மாற்றியதாக ஆகாது. புட்டியும் பெயரும் மாறுகின்றன. தாக்கும் இடம் ஒன்றுதான். டிடிடியும் இதே சோடியம் வாயிலைத்தான் தாக்கியது என்பதால், டிடிடிக்குத் தப்பிப் பழகிய உண்ணிக் கூட்டங்கள் சில பைரித்ராய்டு வந்தபோது அதையும் எளிதில் தாங்கின.

அமிட்ராஸ் விஷயத்திலும் இப்படியே: மெக்சிகோ, பிரேசில், ஆஸ்திரேலிய நாடுகளின் எதிர்ப்புத்திறன் பெற்ற உண்ணிகளில் ஆக்டோபமைன் ஏற்பிகளின் அமினோ அமிலங்கள் மாறியிருந்தன.

நொதிகள் மருந்தை எப்படி உடைக்கின்றன?

மூன்று குடும்பங்களை முதன்மையாகச் சொல்லலாம். எஸ்டரேஸ் நொதிகள் பைரித்ராய்டிலும் ஆர்கனோபாஸ்பேட்டிலும் உள்ள எஸ்டர் பிணைப்பை அறுக்கின்றன, அல்லது மருந்து மூலக்கூறைப் பிடித்துவைத்துக்கொண்டு நரம்புக்குப் போகவிடாமல் தடுக்கின்றன. சைட்டோகுரோம் பி450 நொதிகள் மருந்தோடு ஆக்சிஜனைச் சேர்த்து அதை நீரில் கரையத்தக்கதாக்குகின்றன. குளூட்டத்தியோன் டிரான்ஸ்பெரேஸ் நொதிகள் குளூட்டத்தியோன் என்ற சிறு மூலக்கூறை மருந்தின் மேல் ஒட்டி, வெளியேற்றத் தயார் செய்கின்றன. மனிதருக்கு பி450 மரபணுக்கள் 57 என்றால், 2016இல் மரபணுத் தொகுதி வெளியிடப்பட்ட மான் உண்ணிக்கு 200க்கும் மேல் இருக்கின்றன. எட்டு மாதம் பட்டினி கிடந்துவிட்டு, கிடைத்த பிராணியின் ரத்தத்தைக் குடித்து, அதில் என்ன கலந்திருந்தாலும் சமாளிக்க வேண்டிய உயிருக்கு இத்தனை நொதிகள் தேவைப்படுவதில் வியப்பில்லை.

ஒரு நுணுக்கத்தையும் சொல்லியாக வேண்டும். குளோர்பைரிபாஸ், கூமபாஸ் போன்றவை புட்டியில் இருக்கும் நிலையில் முழு நஞ்சு அல்ல. பி450 நொதிகள் அவற்றிலுள்ள கந்தகத்தை நீக்கி ஆக்சிஜனை வைத்த பிறகே அவை கொடிய வடிவத்தை அடைகின்றன. ஆகவே ஒரே நொதிக் குடும்பம் ஒரு மருந்தை அழிக்கிறது, மற்றொன்றுக்கு உயிர் கொடுக்கிறது. பி450ஐத் தடுக்கும் பைபரோனைல் பியூட்டாக்சைடை எல்லா மருந்தோடும் கலந்தால் நல்லது என்று பொத்தாம் பொதுவாகச் சொல்ல முடியாததற்கு இதுவே காரணம்.

ரத்தம் குடிப்பதற்கும் மருந்தைத் தாங்குவதற்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே, அது என்ன?

என் பார்வையில் இந்தப் பொருளிலேயே மிக முக்கியமான கேள்வி இதுதான். ஆகவே பதில் சற்று நீளமாக இருக்கும்.

கொசுவும் ரத்தம் குடிக்கிறது, உண்ணியும் ரத்தம் குடிக்கிறது. ஆனால் கொசு தன் குடலின் வெற்றிடத்திலேயே நொதிகளைக் கலந்து ரத்தத்தைச் செரிக்கிறது. உண்ணி அப்படிச் செய்வதில்லை. அதன் நடுக்குடல் சுவரில் இருக்கும் செரிமானச் செல்கள் ஹீமோகுளோபினை உள்ளிழுத்து, தங்களுக்குள்ளேயே வைத்துச் செரிக்கின்றன. ரத்தம் நிறைந்த பெண் உண்ணியின் குடலை நுண்ணோக்கியில் பார்த்தால், விரல்கள்போல் கிளைத்த கருநிறக் குழாய்களும், அவற்றின் சுவரில் உப்பித் துருத்திக்கொண்டு நிற்கும் பெரிய செல்களும், அந்தச் செல்களுக்குள் அடர்ந்த கருந்திட்டுகளும் தெரியும். அந்தக் கருந்திட்டுகள்தான் இங்கே நமக்கு வேண்டியவை.

ஒரு ஹீமோகுளோபின் மூலக்கூறில் நான்கு ஹீம் இருக்கின்றன. ஹீம் என்பது நடுவில் இரும்பு கொண்ட ஒரு வளையம். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவது அதுவே. புரதத்தோடு சேர்ந்திருக்கும்வரை ஹீமால் தீங்கில்லை. புரதம் செரித்து ஹீம் தனியே கழன்றுவிட்டால், அது சவ்வுகளுக்குள் புகுந்து, ஆக்சிஜனைத் தூண்டிவிட்டு, கொழுப்பு, புரதம், மரபுப்பொருள் என்று எதிர்ப்பட்டதையெல்லாம் சிதைக்கத் தொடங்கும். பெண் உண்ணியின் எடை ரத்தம் குடித்து முடிக்கும்போது 100 மடங்குக்கும் மேல் கூடிவிடுகிறது, அதிலும் பெரும்பகுதி கடைசி ஒரு நாளில் குடிப்பது என்பதை எண்ணிப் பாருங்கள். அவ்வளவு ரத்தத்திலிருந்து கழன்று வரும் ஹீம், வேறெந்தச் செல்லாக இருந்தாலும் அதைக் கொன்றிருக்கும். நம் உடலில் ஹீமை உடைப்பதற்கு ஹீம் ஆக்சிஜனேஸ் என்ற நொதி இருக்கிறது. உண்ணிக்கு அது இல்லை. ஹீமைத் தானே தயாரிக்கும் திறனையும் உண்ணி இழந்துவிட்டது. தன் முட்டைக்குத் தேவையான சிறு பங்கை மாட்டிடமிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும், மீதியை எங்காவது பத்திரமாக ஒதுக்கிவைக்க வேண்டும்.

அந்த ஒதுக்கிடத்தை பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் 2003இல் விவரித்து, ஹீமோசோம் என்று பெயரிட்டார்கள். முதலில் ஹீமோகுளோபின் செரிமான நுண்பை என்ற அமிலத்தன்மை கொண்ட பைக்குள் உடைபடுகிறது. பிறகு ஹீம் மட்டும் அந்தப் பையிலிருந்து கடத்தப்பட்டு, சவ்வு சூழ்ந்த ஹீமோசோமுக்குள் போய், திரண்டு கெட்டியாகிறது. மேலே சொன்ன கருந்திட்டுகள் இவையே. திரண்டு கிடக்கும் ஹீமால் செல்லுக்குக் கேடில்லை.

இனி மருந்துக்கு வருவோம். ஹீமைப் பையிலிருந்து கடத்துவது தானாக நடப்பதில்லை. அதற்கென்று சவ்வில் பம்பு இருக்கிறது. அது ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைச் செலவழித்து வேலை செய்யும் ஏபிசி கடத்திகள் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தக் குடும்பத்தின் உறுப்பினர்கள் பலவற்றுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு: ஒரே ஒரு பொருளை மட்டும் தூக்குவோம் என்று அவை நிற்பதில்லை, கொழுப்பில் கரையும் தன்மை கொண்ட பலவகை மூலக்கூறுகளையும் தூக்கும். உண்ணி மருந்துகளும் பெரும்பாலும் கொழுப்பில் கரைபவைதாம். ஹீமைத் தூக்கி ஹீமோசோமில் போட்டுக்கொண்டிருந்த ஏற்பாடு, அமிட்ராஸ் வந்தபோது அதையும் தூக்கி அங்கேயே போட்டது.

ஆக, உண்ணி நம் மருந்துக்காக ஒரு தற்காப்பைப் புதிதாகக் கட்டியெழுப்பவில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளாக ரத்தத்தின் நச்சைத் தாங்குவதற்கு வைத்திருந்த ஏற்பாட்டில் நம் மருந்து போய் விழுந்தது. பூச்சிக்குக் கண்டுபிடித்த ஒரு நஞ்சு உண்ணியிடம் ஏன் இவ்வளவு விரைவில் தோற்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை.

இது சோதனையில் நிறுவப்பட்டதா, வெறும் கருத்தா?

சோதனைகள் இருக்கின்றன. 2015இல் வெளியான பிரேசில் ஆய்வில், ஹீமைப் போன்ற ஒளிரும் மூலக்கூறுகளையும் அமிட்ராஸையும் உண்ணியின் நடுக்குடல் செல்களுக்குத் தனித்தனியே கொடுத்தார்கள். இரண்டும் ஹீமோசோமில் போய்ச் சேர்ந்தன. ஏபிசி பம்பைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் ஏ கொடுத்ததும் இரண்டின் கடத்தலும் தடைப்பட்டது. அமிட்ராஸைத் தாங்கும் உண்ணிகள், தாங்காத உண்ணிகளைவிட இவ்விரண்டையும் திறமையாக ஒதுக்கின. ஒரு பம்பு மரபணுவின் செயல்பாடு அவற்றில் 2.5 மடங்கு கூடியிருந்தது. அந்த மரபணுவை அடக்கியபோது, ஹீமைப் போன்ற அந்த மூலக்கூறு ஹீமோசோமுக்குப் போகாமல் செரிமானப் பையிலேயே தேங்கியது. தடுப்பானைக் கொடுத்து நிறுத்தியதும், மரபணுவை அடக்கி நிறுத்தியதும் ஒரே திசையைக் காட்டுவதால் இந்த முடிவுக்கு வலு கிடைக்கிறது.

அதற்கு முன்பே, 2011இல், ஐவர்மெக்டினைத் தாங்கும் உண்ணிகளில் ஏபிசி பம்புகளைத் தடுத்தால் ஐவர்மெக்டினின் நச்சு கூடுகிறது என்று காட்டப்பட்டிருந்தது. ஆய்வகத்தில் தனியே வளர்க்கப்படும் உண்ணிச் செல்களை மருந்துக்கு உட்படுத்தியபோதும் பம்பு மரபணுக்கள் சிலவற்றின் செயல்பாடு மாறியது.

இதனால் பம்பு ஒன்றே எல்லாவற்றுக்கும் காரணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே தொழுவத்து உண்ணிகளில் ஒன்றின் சோடியம் வாயில் மாறியிருக்கலாம், மற்றொன்றின் எஸ்டரேஸ் கூடியிருக்கலாம், மூன்றாவதில் எல்லாம் சேர்ந்திருக்கலாம்.

அப்படியானால் பம்பை அடைக்கும் மருந்தையும் சேர்த்து மாட்டுக்குக் கொடுத்துவிடலாமே?

ஆய்வகத்தில் உண்ணிக்குச் செய்வதை மாட்டுக்குச் செய்ய முடியாது. சைக்ளோஸ்போரின், மாற்று உறுப்புப் பொருத்தியவர்களுக்கு நோயெதிர்ப்பை அடக்குவதற்காகத் தரப்படும் மருந்து. அதோடு, இதே ஏபிசி பம்புகள் பாலூட்டிகளின் உடலிலும் இருக்கின்றன. 1976இல் முதன்முதலில் அடையாளம் காணப்பட்ட பி-கிளைக்கோபுரதம் என்ற பம்பு, புற்றுநோய்ச் செல்கள் மருந்தை வெளியேற்றப் பயன்படுத்துவதும் ஆகும். நம் மூளைக்குள் நச்சு புகாமல் ரத்தக்குழாய்ச் சுவரில் நின்று காப்பதும் ஆகும். கோலி (Collie) என்ற வெளிநாட்டு மேய்ப்பு வகை நாய்கள் பலவற்றில் பிறவியிலேயே இந்தப் பம்பு பழுதாக இருப்பதால், ஐவர்மெக்டின் அளவு கூடினால் அது மூளைக்குள் புகுந்து நாய் தள்ளாடி, மயங்கி, இறக்கவும் நேரிடுகிறது. ஆட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டினைக் கண்ணளவில் நாய்க்கும் போடும் பழக்கத்தை அறவே கைவிட வேண்டும். ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ நாட்டு நாயோ, அளவைக் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஒரு உண்ணி தன் வாழ்நாளில் மருந்துக்குப் பழகிக்கொள்கிறதா?

ஓரளவுக்கு. சாகாத அளவு மருந்து உள்ளே போனால் நொதிகளையும் பம்புகளையும் செல் கூடுதலாக உற்பத்தி செய்யும். ஆனால் தொழுவத்தில் நாம் காணும் எதிர்ப்புத்திறனின் பெரும்பகுதி பரம்பரையாக வருவது. நீங்கள் மருந்து வாங்குவதற்கு முன்பே, ஆயிரக்கணக்கான உண்ணிகளில் ஏதோ ஒன்றிரண்டுக்கு மாறிய மரபணு இருந்திருக்கும். மருந்து மற்றவற்றைக் கொல்லும். அந்த ஒன்றிரண்டு மிஞ்சும். ஒரு பெண் உண்ணி 2000 முதல் 4000 முட்டை வரை இடும். நம் வெயிலில் ஓர் ஆண்டில் பல தலைமுறை வந்துபோகும்.

கேட்கவில்லை என்றால் அளவை இரட்டிப்பாக்கலாமா? இரண்டு மருந்தைக் கலந்து அடிக்கலாமா?

கூடாது. சோடியம் வாயில் மாறிய உண்ணிக்கு இரண்டு மடங்கும் போதாது. மாட்டுக்கும் கன்றுக்கும் அது கேடாக முடியலாம், பாலிலும் மருந்து கலக்கும். கறவை மாட்டுக்கு ஐவர்மெக்டின் போடுவதற்கு முன் பாலை எத்தனை நாள் பயன்படுத்தாமல் விட வேண்டும், போடலாமா என்பதையே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அளவைக் குறைப்பதும் இதே அளவு தவறு என்பது பலருக்குத் தெரிவதில்லை. மாறிய மரபணுவைத் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒரு பிரதி மட்டும் பெற்ற உண்ணிகளைச் சரியான அளவு மருந்து பெரும்பாலும் கொன்றுவிடும். பாதி அளவு அவற்றைத் தப்பவிட்டுவிடும். அப்படித் தப்பியவை தங்களுக்குள் கூடினால், இரு பிரதிகளும் கொண்ட வாரிசு பிறக்கிறது. அதற்குப் பிறகு முழு அளவும் கேட்காது. சிக்கனமாக இருக்கட்டும் என்று தண்ணீரைக் கூட்டி அடிப்பதுதான் எதிர்ப்புத்திறனை வளர்க்க நாம் கண்டுபிடித்திருக்கும் மிக உறுதியான வழி.

வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து மிச்சம் இருக்கிறது. பெயர் ஒன்றுதானே?

பெயர் ஒன்றாக இருந்தாலும் அதன் வீரியமும் அதோடு சேர்த்திருக்கும் கரைப்பான்களும் வேறு. கார் நெல்லுக்கும் பிசான நெல்லுக்கும் வாங்கியது மாட்டின் தோலுக்கு ஆகாது. ஆர்கனோபாஸ்பேட் அதிகமாகப் பட்டால் மாடு எச்சில் ஒழுக்கி, மூச்சுத் திணறி, நடுங்கி விழும். அடிப்பவருக்கும் அதே ஆபத்து உண்டு.

எந்த மருந்து கேட்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். உப்பிய பெண் உண்ணிகளை மருந்துக் கரைசலில் குறிப்பிட்ட நேரம் அமிழ்த்தி எடுத்து, அவை இடும் முட்டைகளின் எடையைச் சாதாரணக் கரைசலில் அமிழ்த்தியவற்றோடு ஒப்பிடும் முறை ஒன்று. மருந்து ஊறிய தாள் உறைக்குள் லார்வாக்களை அடைத்து, 24 மணி நேரம் கழித்து எத்தனை செத்தன என்று எண்ணும் முறை மற்றொன்று. மருந்தோடு நொதித் தடுப்பானையும் சேர்த்துச் சோதித்தால், எதிர்ப்பு நொதியால் வருகிறதா என்பதையும் ஊகிக்கலாம். உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் சொல்லி, திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியை அணுகலாம். உயிருள்ள உண்ணிகளைக் காற்றுப் புகும் சிறு டப்பாவில், ஈரப் பஞ்சோடு, எந்த மாட்டிலிருந்து எடுத்தது, கடைசியாக எந்த மருந்து எப்போது அடித்தது என்ற குறிப்போடு கொண்டுசெல்லுங்கள். அந்தக் குறிப்பு இல்லாத உண்ணியால் பாதிப் பயன்தான்.

வேப்பிலை, வசம்பு போன்ற நாட்டு மருந்துக்கு உண்ணி எதிர்ப்பு வளர்க்காது என்பது உண்மையா?

பூண்டு, வேப்பிலை, வேப்பம்பழம், வசம்பு, மஞ்சள், துளசி, உண்ணிச்செடி இலை ஆகியவற்றை அரைத்து வடித்துத் தெளிப்பது இன்று கால்நடை மருத்துவர்களாலேயே பரிந்துரைக்கப்படுகிறது. அதை நான் வரவேற்கிறேன்; குறிப்பாகக் கறவை மாட்டுக்கும் இளங்கன்றுக்கும். பல வேதிப்பொருள்கள் ஒன்றாகச் சேர்ந்து பல இடங்களைத் தாக்குவதால் எதிர்ப்பு மெதுவாகவே வளரும் என்று எதிர்பார்ப்பதற்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் இயற்கையானது என்பதனாலேயே உண்ணியின் பி450 அதை விட்டுவைக்காது. பைரித்ராய்டுகளின் மூல வடிவம் செவ்வந்தி இனப் பூ ஒன்றிலிருந்து கிடைத்தது. ஐவர்மெக்டின் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்தது. இரண்டையும் உண்ணி எதிர்கொண்டு தப்பிவிட்டது.

தடுப்பூசி இருக்கிறதா?

1990களில் ஆஸ்திரேலியாவிலும் கியூபாவிலும் ஒரு தடுப்பூசி பயன்பாட்டுக்கு வந்தது. அது குறிவைப்பது, மேலே நீளமாகப் பேசிய அதே குடல் செல்லின் மேற்பரப்பிலுள்ள பிஎம்86 என்ற புரதத்தை. தடுப்பூசி போட்ட மாட்டின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளை உண்ணி தானே குடிக்கிறது, அது குடல் செல்களைப் பிடித்துச் சிதைக்கிறது, முட்டை குறைகிறது. மருந்தைப் போல மறுநாளே உண்ணி உதிராது, அடுத்தடுத்த தலைமுறைகளில் எண்ணிக்கை சரியும். நொதியாலும் பம்பாலும் எதிர்ப்பொருளைச் சமாளிக்க முடியாது என்பதால் இந்த வழியில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

எங்கள் மாட்டுக்கு ஒழுங்காகத்தான் மருந்து அடிக்கிறோம். எதிர்ப்புள்ள உண்ணி எங்கிருந்து வந்தது?

மேலப்பாளையம் சந்தையிலோ வேறு சந்தையிலோ வாங்கி வந்த மாட்டோடு வந்திருக்கலாம். முந்தைய வீட்டுக்காரர் என்ன அடித்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. பிசான அறுவடை முடிந்து கிடை அமர்த்தும் ஊர்களில், பல ஊர் சுற்றி வரும் மந்தைகளோடு அவற்றின் உண்ணிகளும் வந்துபோகும். கிடை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் உரம் வயலுக்கு வேண்டியது. புதிதாக வந்த மாட்டை மூன்று வாரம் தனியே கட்டி, உண்ணியைப் பார்த்து நீக்கிய பிறகு தொழுவத்தில் சேர்ப்பதுதான் செய்யக்கூடிய காரியம்.

ஒன்றிரண்டு மாடு மட்டும் வைத்திருக்கும் வீட்டில் என்ன செய்யலாம்?

மாட்டின் மேல் இருக்கும் உண்ணியைவிடத் தொழுவத்தில் முட்டையாகவும் லார்வாவாகவும் இருப்பவை பல மடங்கு. அவற்றின் மேல் செலவிடும் உழைப்பு எந்த எதிர்ப்புத்திறனையும் வளர்ப்பதில்லை. கல் சுவரின் இடுக்குகளைப் பூசி, சுண்ணாம்பு அடியுங்கள். காடி எனும் தீவனத் தொட்டியின் அடியையும் மூலைகளையும் கூட்டி, அந்தக் குப்பையை எரித்துவிடுங்கள். வைக்கோல் படப்பைத் தொழுவத்தை ஒட்டிப் போடாதீர்கள். கோழி உண்ணியைப் பொறுக்கித் தின்னும், ஆனால் மருந்து அடித்த நாளிலும் அடுத்த சில நாட்களிலும் அதைத் தொழுவத்துக்குள் விடாதீர்கள்.

மருந்து அடிக்க வேண்டிய நேரத்தில் முழு அளவு அடியுங்கள். உண்ணி இல்லாத மாட்டுக்குத் தேதி பார்த்து அடிக்காதீர்கள். எந்த மருந்து, எந்தத் தேதி என்பதைக் காலண்டரில் குறித்துவையுங்கள். மாற்றுவதானால் தாக்கும் இடம் வேறாக உள்ள குடும்பத்துக்கு மாற்றுங்கள். பைரித்ராய்டிலிருந்து அமிட்ராஸுக்கு மாறுவது மாற்றம்.

கையால் பிடுங்கிய உண்ணியை என்ன செய்வது?

நசுக்க வேண்டாம். தைலேரியா, பபேசியா போன்ற நோய்க்கிருமிகளை உண்ணி சுமக்கும். மனிதருக்குத் தொற்றக்கூடியவற்றைச் சுமக்கும் உண்ணிகளும் உண்டு. தரையில் எறியவும் வேண்டாம். உப்பிய பெண் உண்ணிக்கு இனி மாடு தேவையில்லை, ஓர் இடுக்கு போதும், சில நாளில் முட்டையிடத் தொடங்கிவிடும். ஒரு டப்பாவில் சோப்புத் தண்ணீரோ மண்ணெண்ணெயோ வைத்துக்கொண்டு அதில் போடுங்கள். சோதனைக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் மட்டும் சிலவற்றை உயிரோடு தனியே எடுத்துவையுங்கள்.